தேக்கிலைப் பத்திரிகை

தாமரைக்குளக் கரையில் ஒரு முள்ளம்பன்றியும், ஒரு மயிலும், ஒரு தையல்சிட்டும் தலையோடு தலை ஒட்டி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றிக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் பத்திரிகை போடக் கிளம்பியவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மூன்றும் காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஆண்டு முடிவில் மாணவர்கள் தங்கள் கையாலேயே ஏதாவது செய்து கண்காட்சியில் வைக்க வேண்டும். அது ஆமை வாத்தியாரின் கட்டளை.

"நம்ம காட்டுல கைவேலைக்காரங்களுக்கா பஞ்சம்? அவங்ககிட்ட கேட்டு எழுதி, படம் போட்டு, ஒரு பத்திரிகையா கொண்டுவந்துடுவோம்!" என்றது முள்ளம்பன்றி வேலாயுதம்.

"படம் நான்தான்!" என்று முந்திக்கொண்டது மயில் நீலமேகம்.

"தைக்கிறது நான்!" என்றது சிட்டு தையல்நாயகி. இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது அதன் குலத்தொழில்.

"அப்போ எழுதுறது நான். பேனா என் முதுகுலேயே இருக்கு!"

சண்டை வந்தது பெயரில்தான். 'தோகை' என்று வைக்கச் சொன்னது மயில். "ஏன், 'நீலமேகம்'னே வச்சிடலாமே!" என்று சிட்டு கிண்டல் செய்தது. மயில் அதையும் நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டது. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக 'அலகும் நகமும்' என்று முடிவாயிற்று.

சும்மா சொல்லக்கூடாது. அந்த மூன்றும் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

காகிதத்துக்குத் தேக்கிலை. பச்சை இலையில் எழுதினால் மை ஓடிவிடும். காய்ந்த இலையை மடித்தால் படக்கென்று உடையும். இலை வதங்கித் துவளும் பக்குவம் பார்த்து எடுக்க வேண்டும். அந்தப் பக்குவம் பிடிபடுவதற்குள் குளக்கரை முழுக்கக் குப்பை சேர்ந்துவிட்டது. தேக்கந்தளிரைக் கசக்கிச் சிவப்பு எடுத்தார்கள். நாவல்பழத்தில் ஊதா, கடுக்காயில் கறுப்பு. அட்டைக்குப் பாக்குமட்டை.

முள்ளம்பன்றியின் முள்ளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் அல்லவா? அதையே அளவுகோலாக வைத்து ஓரம் விட்டது வேலாயுதம். என்ன மூளை பாருங்கள்! ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் ஓரத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

பேட்டிகளும் லேசில் கிடைக்கவில்லை. தூக்கணாங்குருவி வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னது. குளவி, மண் குழைக்கும் நேரத்தில் பேச மாட்டேன் என்றுவிட்டது. இலைகளை ஒட்டிக் கூடு செய்யும் முசுறு எறும்புகளிடம் போன மயிலுக்குப் பதிலோடு கடியும் சேர்ந்து கிடைத்தது.

பத்திரிகையின் முதல் கட்டுரை, 'மழைக்கு நனையாத கூடு: அணில்கள் கட்டுவது எப்படி?' என்பது. அதற்காக வேலாயுதம் ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போய், அங்கே கூடு கட்டுவதில் பேர்போன ஓர் அணிலிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வந்தது.

கடைசி இலையை நீலமேகம் வாங்கிக்கொண்டது. இலையின் உட்பக்கம் முழுவதும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே படம்! குளம், மரங்கள், கூடு பின்னும் குருவி, வலை கட்டும் சிலந்தி. சரியாக நடுவில், மடிப்பின் மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மயில். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படம் அற்புதம். தோகையில் ஒவ்வொரு கண்ணும் நம்மைப் பார்த்தது.

பிறகு இலைகளை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் வாழைநார் கோத்துத் தைத்தது தையல்நாயகி. முடிச்சு எங்கே என்று தேடினாலும் தெரியாத தையல். மயிலின் படம் நட்டநடுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்றும் அட்டையைப் பார்த்தன. நடுப்பக்கத்தைப் பார்த்தன. மறுபடி அட்டையைப் பார்த்தன. ஒன்றாவது முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டாமா? எழுதியவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமே! அங்கேதான் வந்தது வினை.

அந்த நேரம் பார்த்து அணில் செண்பகம் ஓடிவந்தது. அதுவரை அது ஒரு பட்டுப்போன தென்னையில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் குடியிருந்தது. போன வாரக் காற்றில் தென்னை சாய்ந்துவிட்டது. கண் திறக்காத குட்டிகளைப் புங்கமரத்து வேரிடுக்கில் வைத்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு சாரைப்பாம்பு வந்து வந்து எட்டிப் பார்த்தது. வானமோ கறுத்துக்கொண்டிருந்தது.

"தம்பிகளா, எனக்குக் கூடு கட்டிப் பழக்கமே இல்லை. குட்டிகளை விட்டுட்டு அக்கரைக்குப் போய்க் கேக்கவும் முடியாது. உங்க பத்திரிகையில எழுதியிருக்காமே! கொஞ்சம் குடுங்கப்பா, நாளைக்குக் கண்காட்சிக்கு முன்னாடி திருப்பித் தந்துடுறேன்!" என்றது செண்பகம்.

முதல் வாசகர்! மூன்றுக்கும் கால் தரையில் பாவவில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா!" என்று ஒரே குரலில் கத்தின.

மறுநாள் காலை தையல்நாயகி புங்கமரத்துக்குப் பறந்தது. அக்கா நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள், கேட்டுவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். போய்ப் பார்த்தால் கிளைக் கவட்டையில் குச்சிகள் அடுக்கியிருந்தன. மேலே வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு. அதன் மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டி. அடுத்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு செண்பகம் ஏறிக்கொண்டிருந்தது.

காற்று அடித்தது. குச்சிகள் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்தன.

"அக்கா, குட்டி! குட்டியை எடுங்க!" என்று அலறியது சிட்டு.

செண்பகம் ஒரே பாய்ச்சலில் வாயில் இருந்ததை வேரிடுக்கில் விட்டுவிட்டு, மேலே ஏறி மற்றதைக் கவ்வியது. அது இறங்குவதற்குள் இரண்டு குச்சிகள் சரிந்து கீழே விழுந்தன.

"என்னக்கா இது? குச்சியைக் கட்டவே இல்லையே!"

"நீங்க எழுதுனபடிதானே செஞ்சேன்!" என்றது செண்பகம். வேரடியில் கிடந்த பத்திரிகையைச் சிட்டின் முன்னால் தள்ளியது. "நீயே படிச்சுப் பாரு!"

தையல்நாயகி பத்திரிகையைத் திறந்தது. 'கவட்டையில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கவும். அடுத்ததாக' என்று ஒரு பக்கம் முடிந்தது. எதிர்ப்பக்கத்தில், 'பஞ்சை மெத்தென்று பரப்பி, குட்டிகளைப் படுக்க வைக்கவும்' என்று இருந்தது. நாரால் முடிச்சுப் போடுவது எங்கே? கூரை எங்கே? சிட்டு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போயிற்று. குளவி வந்தது, சிலந்தி வந்தது, மயில் வந்தது. எல்லாம் முடிந்து, பின்னட்டையை ஒட்டிய கடைசிப் பக்கங்களில் முடிச்சும் கூரையும் உட்கார்ந்திருந்தன! 'குட்டிகளை ஏற்றும் முன் நீங்களே குதித்துப் பார்க்கவும், ஆடினால் ஏற்ற வேண்டாம்' என்ற வரியும் அங்கேதான் இருந்தது.

தையல்நாயகி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் பறந்தது. மூன்றும் இலைகளை எண்ணிப் பார்த்தபோது குட்டு உடைந்தது. ஓர் இலையை மடித்தால் நாலு பக்கம். முதல் இலையில் நாலு பக்கத்தையும் வரிசையாக எழுதிவிட்டு, அடுத்த இலைக்குப் போயிருந்தது வேலாயுதம். தனித்தனியாகப் படித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று செருகியதும், முதல் இலையின் முன்பாதி முன்னாலும் பின்பாதி கடைசியிலும் போய்விட்டது. நடுவில் மொத்தப் பத்திரிகையும் புகுந்துகொண்டது.

"எழுதுனவன் நான். தப்பு என்னோடது" என்றது வேலாயுதம். சொன்னதோடு நிற்காமல் புங்கமரத்தடிக்கே ஓடியது. அது ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் சகிக்காது. அங்கே கூடியிருந்த மைனாக்களும் காக்கைகளும் கேட்க, "செண்பகக்கா! எங்க பத்திரிகை தப்பு! அதுல படிச்சதை வச்சு மேல கட்டாதீங்க! நான் சொல்லச் சொல்லக் கட்டுங்க!" என்று உரக்கக் கூவியது. ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொண்ட ஒருவர் நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமா? எனக்கு அந்த முள்ளம்பன்றியைக் கும்பிடத் தோன்றுகிறது.

வேலாயுதம் கீழே நின்று சொல்லச் சொல்ல, செண்பகம் முடிச்சுகளைப் போட்டது. கூரை வேய்ந்தது. உள்ளே ஏறிக் குதித்துப் பார்த்தது. கூடு அசையவில்லை. அதன் பிறகுதான் குட்டிகள் மேலே போயின.

வேலாயுதம் திரும்பி வந்தபோது கண்காட்சிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. பத்திரிகை பளபளவென்று புல்லின் மேல் கிடந்தது. பார்க்க எவ்வளவு அழகு! உள்ளே எவ்வளவு ஆபத்து!

"புதுசா எழுத நேரமில்லை. தையலைப் பிரிச்சிடலாம். மடிச்ச இலைகளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகாம, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஓரத்துல தைச்சா வரிசை சரியாயிடும்" என்றது தையல்நாயகி.

"ஓரத்துலன்னா?" என்று கேட்டது நீலமேகம்.

சிட்டு தயங்கியது. "மடிப்பை ஒட்டி, ரெண்டு பக்கமும் ஒரு விரல்கடை அகலம் தையலுக்குள்ள போயிடும். எழுத்துக்கெல்லாம் ஓரம் விட்டிருக்கு. ஆனா உன் படத்துக்கு..."

படத்துக்கு ஏது ஓரம்? மடிப்பின் மேல்தானே மயிலின் கழுத்து!

நீலமேகம் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டது. பாவம், அதன் நிலைமையையும் யோசியுங்கள். பிறந்ததிலிருந்து எல்லாரும் அதன் தோகையைத்தான் புகழ்ந்தார்கள். அது தானாக வளர்ந்த தோகை, அதில் அதன் உழைப்பு என்ன இருக்கிறது? தன் அலகால் செய்தது என்று சொல்லிக்கொள்ள அதற்கு இருந்தது இந்த ஒரு படம்தான்.

"இன்னிக்கு ஒருநாள் இப்படியே வைப்போமே!" என்றது மெல்ல. "செண்பகக்காவுக்குத்தான் வாயால சொல்லியாச்சே. கண்காட்சியில யாரு வரிசையா உக்காந்து படிக்கப்போறாங்க?"

"செண்பகக்காவுக்கு நான் போய்ச் சொன்னேன். நாளைக்கு வேற யாராவது எடுத்துட்டுப் போனா, நாமளும் கூடவே போவோமா நீலமேகம்?" என்றது வேலாயுதம். கோபமாக அல்ல, நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டது.

நீலமேகம் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தது. பிறகு குனிந்து, நடுப்பக்கத்து வாழைநாரைத் தன் அலகாலேயே இழுத்து அறுத்தது.

"தை!" என்றது.

வேலாயுதம் முள்ளால் துளை போட்டது. தையல்நாயகி, தான் பார்த்துப் பார்த்துப் போட்ட தையலை மளமளவென்று உருவியெறிந்துவிட்டு ஓரத்தில் புதிதாகத் தைத்தது. அவசரத் தையல், முடிச்சுகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. இந்தத் தடவை மூன்றும் சேர்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தம் போட்டுப் படித்தன.

கண்காட்சியில் கூட்டம் நெரிந்தது. காக்கை பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தலை இந்தப் பக்கம் இருக்கு, தோகை அந்தப் பக்கம் இருக்கு, கழுத்து எங்கப்பா?" என்று கேட்டது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"தையலுக்குள்ள இருக்கு" என்றது நீலமேகம். "அது இருந்தாத்தான் பக்கம் நிக்கும்!"

அடடா, என்ன பதில்! அந்த நிமிஷம் அந்த மயில் தோகை விரிக்காமலே எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஆலமரத்தடியில் ஒதுங்கினார்கள். ஆமை வாத்தியார் பரிசு கொடுக்க வேண்டும் என்று சாவகாசமாக நடந்து வந்தார். குரங்குகள் ஒரு பூமாலை கட்டி, ஒரு கல்லின் மேல் வைத்திருந்தன. பழமொழியைப் பொய்யாக்க வேண்டும் என்ற வைராக்கியம், ஓர் இதழ்கூட உதிராமல் கட்டியிருந்தன. பத்திரிகை வைத்திருந்த அடுத்த கல்லைப் பார்த்தார் வாத்தியார். கல் காலியாக இருந்தது.

"வேலாயுதம், பத்திரிகை எங்கே?"

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க ஐயா."

"யாரோன்னா? பார்க்காம எப்படிப்பா நான் பரிசு கொடுக்கிறது?"

பரிசு குரங்குகளுக்குப் போயிற்று. மூன்றும் முகம் கோணாமல் கை தட்டின. கொஞ்சம் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போது எதிரே இருந்த மருதமரத்துப் பொந்திலிருந்து கூச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்கள். பெயர் தெரியாத இளம் அணில்கள் இரண்டு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"பஞ்சைக் கொண்டா!"

"பஞ்சு இப்போ இல்லடா மடையா! முதல்ல முடிச்சு! பக்கத்தைத் திருப்பிப் பாரு!"

பார்ப்பவர் மெச்சுவதைவிட நம்பிப் படிப்பவர் நலமே பெரிது என்று, தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே பிரிக்கத் துணிகிறவரே உண்மையான கைவினைஞர்.