முடிச்சு வரை தெறித்த தண்ணீர்

“பத்தாது! இன்னும் சத்தமா!” என்றான் பொதியன்.

எதிரே தண்ணீரில் நின்ற கூழைக்கடாக்கள் எல்லாம் வாயைத் திறந்தன. தொண்டைப் பைகள் ஆடின. சத்தம் மட்டும் வரவில்லை.

வராது. கூழைக்கடாவுக்குப் பேச வரும், கத்த வராது. குஞ்சாக இருக்கும்போது ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தும். வளர்ந்ததும் அது போய்விடும். இது குளத்துத் தவளைக்குக்கூடத் தெரியும். பொதியனுக்கும் தெரியும், அவனும் கூழைக்கடாதானே. ஆனால் அவன் தலைவன். தலைவனிடம் ஒரு இலக்கு இருந்தது.

“காலையில எல்லாரும் ஒண்ணாக் கத்தணும். அக்கரையில நிக்கிற நாரை திரும்பிப் பாக்கணும். அதுதான் இலக்கு. நாரை திரும்புச்சா?”

“இல்ல” என்றது ஒரு கூழைக்கடா.

“ஏன் திரும்பல?”

“அது தூங்குது.”

பொதியன் அதை முறைத்தான். “உற்சாகம் குறைவு” என்றான். பக்கத்துக் கல்லில் இருந்த நீர்க்காகம் கருக்கன் சிறகை விரித்துக் காயப்போட்டபடி, “ரொம்பக் குறைவு தலைவரே” என்றான்.

இந்தக் கருக்கன் வந்ததிலிருந்துதான் எல்லாம்.

அதற்கு முன்பு அந்தக் குளத்தில் கூழைக்கடாக்கள் மீன் பிடித்த விதம் ரொம்ப எளிமையானது. எல்லாம் சேர்ந்து தண்ணீரில் அரைவட்டமாக நிற்கும். நடுவில் தலைவன். சிறகால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே மெதுவாக ஆழமில்லாத பக்கமாக நகரும். மீன் பயந்து முன்னால் ஓடும். அரைவட்டத்தின் இரண்டு முனையும் கரையைத் தொட்டதும் மீனுக்குப் போக வழியில்லை. அப்போது எல்லாம் ஒன்றாகத் தலையைத் தண்ணீருக்குள் விடும். பை நிறையும். பறந்து போய்க் கருவேல மரத்துக் கூடுகளில் குஞ்சுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான்.

இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. குளம் சுருங்கியது. மீனும் குறைந்தது. தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தாக வேண்டும். முளைத்தால் கூட்டத்தோடு பறந்து வேறு குளத்துக்குப் போகலாம். முளைக்காத குஞ்சு மரத்திலேயே கிடந்து சாகும். அதனால் கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவன் சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். அது பொதியன் காதில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கருக்கன் வந்தான்.

“தலைவரே, உங்க கூட்டம் உங்களோட இருக்குதா இல்லியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முன்னால நிக்காங்கல்லா?”

“முன்னால நிக்கிறது வேற, மனசோட நிக்கிறது வேற. அளக்கணும் தலைவரே! அளக்காத தலைவன் தலைவனே இல்ல.”

பொதியன் யோசித்தான். “அப்ப, எவ்வளவு மீன் பிடிக்கோம்னு அளப்போமா?”

கருக்கன் பதறிவிட்டான். “மீனையா? அது குளத்தோட இஷ்டம். இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. உற்சாகம்தான் உங்க கையில இருக்கு.”

“எனக்குக் கை கிடையாதே.”

“சிறகில இருக்கு. அந்தக் கருவேல மரத்தைப் பாருங்க. தண்ணிக்கு மேல, அடிமரத்துல புடைச்சுக்கிட்டு ஒரு முடிச்சு தெரியுதா? ஒவ்வொருத்தரும் சிறகடிக்கும்போது அந்த முடிச்சு வரைக்கும் தண்ணி தெறிக்கணும். தெறிச்சா மனசு இருக்கு. தெறிக்கலன்னா இல்ல.”

பொதியனுக்கு அது பிடித்துப்போனது. கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. மனசு மாதிரி உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை.

நாரை திரும்பிப் பார்க்கிற இலக்கும் கருக்கன் சொன்னதுதான்.

அன்றைக்கும் கத்தல் முடிந்ததும் வேட்டை தொடங்கியது. எல்லாக் கூழைக்கடாக்களும் அரைவட்டமாக நின்றன. கொஞ்ச நேரம்தான். முடிச்சு இருந்தது ஒரே ஒரு மரத்தில். அந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று அடித்தால்தானே தலைவன் பார்ப்பான்? ஒவ்வொன்றாக மரத்துப் பக்கம் நகர்ந்தது. ஒன்றை ஒன்று இடித்தது. “தள்ளி நில்லு!” “நீ தள்ளு, உன் தண்ணி என் கணக்குல விழுது!” என்று சண்டை. எல்லாத் தலையும் மேலே, எல்லாக் கண்ணும் முடிச்சில்.

அரைவட்டத்தின் கடைசியில் ஒருத்தி மட்டும் நகரவில்லை. அவள் பெயர் கோணச்சி. அலகு நுனி கொஞ்சம் கோணல். அவள் எப்போதும் கடைசியில்தான் நிற்பாள்.

“தலைவரே! இங்க ஆளே இல்ல! ஜிலேபிக் கெண்டை எல்லாம் என் காலுக்குக் கீழ போவுது!” என்று கத்தப் பார்த்தாள். கத்த வரவில்லை. பக்கத்தில் வந்து சொன்னாள்.

“உன் தண்ணி முடிச்சுக்கு வந்துச்சா?” என்றான் பொதியன்.

“வரல. நான் அங்க நின்னேன்.”

“அப்ப பேசாத.”

போன கெண்டை எங்கே போனது? நேராகக் கருக்கன் வாய்க்குத்தான். அவன் அரைவட்டத்துக்குப் பின்னால் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். வயிறு உருண்டுவிட்டது. முன்பெல்லாம் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவுவான். இப்போது நடந்து போகிறான். பொதியன் அதையும் பார்த்தான். ஆலோசகர் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்று நினைத்தான். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

மத்தியானம் பொதியனின் பெண்டாட்டி வெள்ளாச்சி கரைக்கு வந்தாள். தலைவன் ஆனதிலிருந்து பொதியன் கூட்டுக்குப் போவதில்லை. கரைமேட்டில் தனியாக இருப்பான். அங்கிருந்து பார்த்தால் குளம் முழுக்கத் தெரியும். கூடு மட்டும் தெரியாது. நடுவில் இலை.

“ஏங்க, நம்ம சின்னதுக்குத் தலை நிக்க மாட்டேங்குது” என்றாள். “ரெண்டு நாளா என் பையில ஒண்ணும் இல்ல. அது அலகை விட்டுத் துழாவிப் பாத்துட்டு அப்படியே படுத்துக்கிடுது.”

பொதியன் சிறகைக் கோதுவதை நிறுத்தினான். “அவ்வளவு மோசமாவா?”

“வந்து பாருங்களேன்.”

“இந்த வாரம் முடிச்சு வரைக்கும் நிறையப் பேரு தண்ணி தெறிக்க விட்டுட்டாங்களே! எல்லாரும் நல்லாத்தான் செய்யுதாங்க.”

“தண்ணி தெறிச்சா குஞ்சு தின்னுமா? நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. நாளைக்கு நடுவுல நிக்காதீங்க. கடைசியில கோணச்சி பக்கத்துல போயி நில்லுங்க. அவளுக்கு என்ன தெரியுதுன்னு கேளுங்க. ஒரு நாள் போதும்.”

“தலைவன் கடைசியில நிக்கிறதா?”

“மீன் அங்கதான போவுது!”

பொதியன் மறுபடியும் சிறகைக் கோதத் தொடங்கினான். வெள்ளாச்சி போய்விட்டாள். அவளுக்கு வேலை இருந்தது. தனியாக மீன் தேடினால் ஒன்றிரண்டாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

அன்று பொழுது சாய்ந்ததும் மரங்களின் பக்கமிருந்து பெரிய சத்தம் கேட்டது. கா கா என்றும் கீ கீ என்றும் ஒரே இரைச்சல். அக்கரை நாரை திரும்பிப் பார்த்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை.

பொதியன் எழுந்து நின்றான். “கருக்கா! கேட்டியா? யாரு கத்துதா?”

கருக்கன் காது கொடுத்துக் கேட்டான். அது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். “உங்க கூட்டம்தான் தலைவரே” என்றான். பொய் இல்லை.

“நாரை திரும்பிட்டு!”

“கழுத்தே சுளுக்கியிருக்கும்.”

பொதியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வயிறு காலியாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு நிறைந்துவிட்டது. “காலையில கத்த வரல, பொழுதடைஞ்சா வருது. பழக்கம்தான் வேணும் போல” என்றான்.

அந்த நேரம் கோணச்சி தத்தித் தத்தி மேட்டில் ஏறி வந்தாள். பின்னால் வெள்ளாச்சியும் வந்தாள்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க!” என்றான் பொதியன். “கேக்குதா? என்ன ஒரு உற்சாகம்!”

கோணச்சி அவனைப் பார்த்தாள். பிறகு வெள்ளாச்சியைப் பார்த்தாள். “நீயே சொல்லு” என்றாள்.

“அது குஞ்சுங்க” என்றாள் வெள்ளாச்சி. “பசியில கத்துதுங்க. நம்ம பெருசும் கத்துது. சின்னது கத்தல. அதுக்குத் தெம்பு இல்ல.”

பொதியனின் தொண்டைப் பை ஒரு தடவை ஆடி நின்றது. மரங்களிலிருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்தது.

“அளக்கிறது தப்புன்னு நாங்க சொல்லல தலைவரே” என்றாள் கோணச்சி. “அளங்க. இதை அளங்க. பொழுதடைஞ்ச பிறகு எத்தனை கூட்டுல குஞ்சு கத்துது? இன்னைக்கு எல்லாக் கூட்டுலயும். நாளைக்குப் பாதியாக் குறையணும். அடுத்த நாள் அமைதியா இருக்கணும். அதுதான் இலக்கு. முடிச்சும் வேண்டாம், நாரையும் வேண்டாம். நாளைக்கு விடியும்போது நாங்க எல்லாரும் தென்கரைப் பக்கம் அரைவட்டம் போடுதோம். பேசி முடிச்சாச்சு. கடைசியில உங்களுக்கு ஒரு இடம் விட்டிருக்கோம். வந்து நில்லுங்க.”

“நடுவுல யாரு?”

“யாரோ ஒருத்தர். அது முக்கியமா?”

பொதியனுக்கு அது முக்கியமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கால் முன்னால் போனது. மரங்களின் பக்கம் பார்த்தான். போயிருப்பான். கிட்டத்தட்டப் போய்விட்டான்.

“போங்க தலைவரே” என்றான் கருக்கன், கல்லில் இருந்தபடியே. “வரிசையோட வாலுக்குப் போங்க. நாளைக்கு உங்களை என்னன்னு கூப்பிடுறதுன்னுதான் தெரியல.”

பொதியன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

விடிந்தது. தென்கரைப் பக்கம் கூழைக்கடாக்கள் அரைவட்டம் போட்டன. யாரும் துள்ளவில்லை. சிறகுகள் தாழத் தட்டின. கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது. எல்லாம் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தன.

பொதியன் வடக்கே, முடிச்சு மரத்தடியில் தனியாக நின்றான். “பாருங்க! இதுதான் அடி!” என்று ஓங்கி அடித்தான். தண்ணீர் முடிச்சைத் தொட்டது. இன்னும் ஓங்கி அடித்தான். முடிச்சைத் தாண்டிப் போனது. அவ்வளவு உயரம் இதுவரை யாருமே தெறிக்கவிட்டதில்லை.

“பாத்தியா கருக்கா! பாத்தியா!”

கருக்கன் பக்கத்தில் இல்லை. அவன் தென்கரைக்குப் போய்விட்டான். தலைவனுக்காக விட்டிருந்த அந்தக் காலி இடத்தில் முங்கி, வெளியே ஓடி வந்த முதல் கெண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இனி அவர் வரமாட்டார்” என்றாள் வெள்ளாச்சி. நகர்ந்து வந்து அந்த இடத்தில் தானே நின்றாள். கருக்கனை அலகால் ஒரு தள்ளு தள்ளினாள். “எந்திரிவே! தின்னது போதும்!” கருக்கன் உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தான். பறக்கப் பார்த்தான். வயிறு விடவில்லை.

அரைவட்டம் மூடியது. இரண்டு முனையும் கரையைத் தொட்டன. நடுத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளியது. எல்லாத் தலையும் ஒன்றாகக் கீழே போயின. மேலே வந்தபோது எல்லாப் பையும் தொங்கியது.

அன்று பொழுது சாய்ந்தது. மரங்களில் சத்தமே இல்லை. சின்னது தலையை அம்மாவின் பைக்குள் முழுக்க விட்டுத் தின்றது. தின்று முடித்ததும் தலையை நிமிர்த்தி ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது.

கரைமேட்டில் பொதியன் வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அக்கரை நாரையும் திரும்பவில்லை.

“நான் இல்லன்னதும் பாரு, ஒருத்தனுக்கும் உற்சாகமே இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலையிலும் அரைவட்டத்தின் கடைசியில் அவனுக்கு ஒரு இடம் விட்டிருந்தார்கள். வெள்ளாச்சி சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாள் கடைசியில் போய் நின்று, அங்கே நிற்கிறவளுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். அவன் போகவில்லை. முடிச்சுக்கு மேலே இன்னொரு முடிச்சு இருக்கிறதா என்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதை அளக்க வேண்டும் என்று வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் கேட்காத தலைவன், தன் இலக்கைத் தாண்டிவிடுவான், தன் கூட்டத்தை இழந்துவிடுவான்.