ஏழாம் வால்வு

எரிவாயுக் குழாய்ப் பாதையில் வால்வுகளைக் கவனிப்பவள் செங்கமலம். "ஏழாம் வால்வு துருப்பிடிச்சு இறுகிடுச்சு சார்" என்று மூன்று தடவை சொல்லியும் மேலாளர் தனகோபால் காதில் வாங்கவில்லை. ஆய்வாளர் வந்த அன்று, எல்லா வால்வுகளையும் மாதாமாதம் சோதித்ததாகவும், ஒரு கையாலேயே திருப்ப முடிவதாகவும் தனகோபாலே பதிவேட்டில் எழுதிவிட்டு, "கேட்டா ஆமான்னு சொல்லு. இல்லேன்னா வேலை போயிடும்" என்று மிரட்டினார்.

"இது லேசாத் திரும்புதாம்மா?" என்று ஏழாம் வால்வைக் காட்டிக் கேட்டார் ஆய்வாளர்.

செங்கமலம் வேலிக்கு அப்பால் பார்த்தாள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம், குழாய் வெடித்தால் வாயுவை உடனே நிறுத்த அந்த வால்வு ஒன்றுதான்.

"ஒரு கையாலேயே திருப்பலாம்னு சார் கைப்பட எழுதியிருக்காங்க. அவங்களே திருப்பிக் காட்டட்டுமே!"

தனகோபால் ஒரு கையால் முயன்றார். பிறகு இரு கைகளாலும். சட்டை நனைந்ததே தவிர, வால்வு அசையவில்லை.

ஆய்வாளர் அங்கிருந்தே வாயு அனுப்பும் நிலையத்துக்குப் போன் செய்து, அனுப்புவதையே நிறுத்தச் சொன்னார். பதிவேட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க எழுதின மத்த வால்வுகளையும் திருப்பிப் பார்த்துடலாம், வாங்க சார்" என்றார்.