திரும்ப மறுத்த குறுமணி

அந்தக் காலத்தில், விண்மீன்கள் வாய்விட்டுப் பேசிய நாளில், வானத்தில் நெருப்புப் பந்தி ஒன்று நடந்தது. பரிமாறியவர் பேரொளி என்ற நீல விண்மீன். பரிமாறுகிறவரே தன் இலையை முதலில் நிரப்பிக்கொள்வது எந்த ஊர் வழக்கமோ, அவர் நிரப்பிக்கொண்டார். பிறகு உறவுக்காரர்களுக்கு அள்ளி வைத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செம்பொறி என்ற சின்ன விண்மீனுக்கு ஒரே ஒரு கரண்டி விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் போடுங்கள் ஐயா.”

“உன் உடம்புக்கு இதுவே அதிகம். எழுந்திரு, இலை எடுக்க வேண்டும்.”

பந்தி சிரித்தது. ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. செம்பொறி உடம்பெல்லாம் சிவந்துபோய் எழுந்தாள்.

கிடைத்த நெருப்பை அவள் அடியோடு கிளறிக் கிளறி, துளியும் வீணாக்காமல் தணலாக எரித்தாள். குறுமணி என்றொரு கோள் அவளுக்கு மகளாகப் பிறந்தாள். கல்லுடம்பு, மேலே காற்றுப் போர்வை. தள்ளி நின்றால் பிள்ளை விறைத்துப்போகும் என்று செம்பொறி அவளை மடியை ஒட்டியே சுற்றவிட்டாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டே அவள் தன்னையும் பம்பரம்போல் சுழற்றிக்கொள்வாள்.

அதுவும் பேரொளிக்குப் பொறுக்கவில்லை. வந்து நின்றார்.

“பிள்ளையை ஏனம்மா அடுப்பங்கரையிலேயே அடைத்து வைத்திருக்கிறாய்? என் முற்றத்துக்கு அனுப்பு.”

“நெருப்பைத்தான் கொடுக்கவில்லை. பெற்ற பிள்ளையையும் பிடுங்க வந்தீர்களா?”

கூப்பிட்டவர் பக்கம் ஒரு கோள் முகம் திருப்பினால் அது அவர் வீட்டுப் பிள்ளை. அன்றைய சட்டம் அப்படி. சட்டம் செய்தவர்களும் பந்தியில் முன்வரிசைக்காரர்கள்தாம்.

“குறுமணி, மாமா கூப்பிடுகிறேன், வா” என்றார் பேரொளி.

“அம்மாவைப் பந்தியிலிருந்து எழுப்பிய மாமாதானே?” குறுமணி முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

“வாயைப் பார்! நீ சுழலுகிறவள்தானே? எப்படியும் இந்தப் பக்கம் முகம் வரும். நிற்கிறேன்.”

“அப்படியானால் இந்தப் பம்பரம் வேண்டாம்” என்ற குறுமணி, அம்மாவைப் பார்த்த முகத்தை அப்படியே நிறுத்திக்கொண்டாள். அம்மாவைச் சுற்றினாள், முகத்தை மட்டும் அவளைவிட்டு அகற்றவில்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போனபோதும் அவள் முகத்துக்கும் பேரொளிக்கும் நடுவில் அம்மாதான் நின்றாள்.

“முதுகு உறைந்து கிடப்பாய், பிச்சைக்காரி மகளே!”

பந்தியில் அடக்கியதெல்லாம் செம்பொறிக்குள் பொங்கியது. பேரொளியை நோக்கிச் சுவாலை ஒன்றை வீசினாள். அவர் எட்டத்தில் நின்றார். நடுவில் நின்றது பிள்ளை. காற்றுப் போர்வை பொசுங்கியது.

“ஐயோ, சுட்டுவிட்டேனா?”

“சுட்டதம்மா. ஆனாலும் திரும்ப மாட்டேன்.”

பேரொளி வெறுங்கையோடு போனார். அள்ளி வைத்ததையெல்லாம் அவசரமாக எரித்து, வெடித்தும் போனார். அவருக்காக அழுதவர்கள் உண்டு. செம்பொறியிடம் மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அன்று முதல்தான் செம்பொறியின் இனமான செங்குறு விண்மீன்கள் அடக்கமாக எரிந்து, மற்றவர்களைவிட நெடுங்காலம் வாழ்கின்றன. பழைய அவமானம் நினைவுக்கு வந்தால் திடீரென்று சீறுகின்றன. மடியை ஒட்டிய அவற்றின் பிள்ளைகளோ ஒரு பக்கம் ஓயாத பகலும் மறுபக்கம் விடியாத இரவுமாக, இன்னும் முகம் திருப்பாமல் இருக்கின்றன.