செம்பியை இறுக்கிக்கொண்ட கொக்கோ மரம்

ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பாப்பா எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும், நடக்கும், நாலு இடம் போய் வரும். கொக்கோக் காய் அப்போது மாங்காய் மாதிரி கிளை நுனியில் நீளக் காம்பில் ஆடிக்கொண்டிருக்கும். நினைத்தால் இறங்கி விளையாடும், திரும்ப ஏறிக்கொள்ளும்.

ஒரு கொக்கோ மரத்துக்கு ஒரே பிள்ளை. நல்ல சிவப்பு, அதனால் செம்பி என்று பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மரநாய் சாக்லேட் கம்பெனி வைத்திருந்தது. காற்றடித்தால் வாசனை இங்கே வரைக்கும் வரும். "போலாம்மா, போலாம்மா" என்று செம்பி ஒரே நச்சரிப்பு. அம்மா மரத்துக்கு மனசே இல்லை.

"உனக்கு இலை அசைஞ்சாலும் பயம்" என்று வீட்டுக்காரர் மரம் கேலி செய்தது. "ஊரே போய்ப் பார்த்துட்டு வருது."

மூன்று பேரும் போனார்கள். வாசலில் மரநாய் பல்லைக் காட்டிச் சிரித்தது. "வாங்க அக்கா, வாங்க மாமா. உள்ள ஒரே சூடு, பிள்ளைக்கு ஆகாது. தோட்டத்துல விளையாடட்டும்."

"இறக்கிவிடு, நம்மையே பார்க்கிறாங்க பாரு" என்றது வீட்டுக்காரர் மரம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு இறக்கிவிட்டாள்.

உள்ளே பெரிய சட்டியில் என்னவோ வறுபட்டது. அரைக்கிற கல் உருண்டது. வாசனையில் தலை சுற்றியது. அம்மா மெல்லக் கேட்டாள். "இதெல்லாம் எதுல தம்பி செய்யறீங்க?"

மரநாய் உதட்டை நக்கிக்கொண்டது. "எல்லாம் தோட்டத்துக்கு வர்றதுதான் அக்கா."

அம்மாவுக்கு வேர் சில்லிட்டுப்போனது. தோட்டத்துக்கு ஓடினாள். ஊஞ்சல் காலியாக ஆடியது. புதருக்குப் பின்னால் ஒரே ஓட்டுக் குவியல். சிவப்பு, மஞ்சள், எல்லாம் இரண்டாகப் பிளந்த காய் ஓடு.

"செம்பீ!"

"அம்மா..." கூடைக்குள்ளிருந்து குரல். மேலே அரிவாளை ஓங்கிக்கொண்டு இன்னொரு மரநாய்.

காம்பில் மாட்ட ஏது நேரம்? பிடுங்கி அடிமரத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்காரர் மரமும் பின்னாலேயே ஓடியது. தென்னந்தோப்பு வந்ததும், "அத்தை, எங்களை மறைச்சுக்கோங்க" என்று தென்னையின் காலடியில் நின்றாள். "பிள்ளையை விடும்மா, மூச்சு முட்டும்" என்றது தென்னை. அவள் விடவே இல்லை.

அன்று முதல்தான் கொக்கோ மரம் எங்கேயும் நடப்பதில்லை. தென்னை நிழலிலேயே நிற்கிறது. பிள்ளைகளையும் நுனியில் ஆட விடாமல் உடம்போடு ஒட்டியே வைத்திருக்கிறது.

போன ஞாயிறு நாங்களும் சாக்லேட் கம்பெனி பார்க்கப் போனோம். அங்கே தோட்டத்தில் கொக்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "பாப்பாவை இறக்கிவிடேன், எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார் இவர். நான் இறக்கவில்லை. இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டு...

இதோ, வாசலிலிருந்து கூப்பிடுகிறார். "தேவகி, கேட் திறந்து கிடக்குதே, பாப்பா உன்கிட்டதானே?" என்கிட்டதான், என் கை ஆட்டுகிற தொட்டிலுக்குள்ளேயே... தொட்டில் ஏன் இவ்வளவு லேசாக ஆடுகிறது?