ஸ்டாண்ட்பைக்கு ஒரு தமிழ்ச்சொல்

எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் அனுப்பும் சப்-கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்று, தன் ஆட்களுக்காகத் தொழிற்சொற்களுக்குத் தமிழில் ஒரு கையேடு போட்டது. எழுதிக் கொடுத்தவர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொழில் புரிய வேண்டுமே என்று, பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் ஜெசிந்தாவிடம் இரண்டு மாதம் வேலையாட்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். அவளுக்கு அவர் மகள் வயது. அவரும் எல்லோரையும் போல அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டார். டாங்கிக்குள் ஒருவன் இறங்கினால் வெளியே ஒருவன் நின்று கவனிக்க வேண்டும். அவனுக்குப் பெயர் ஸ்டாண்ட்பை. அந்தப் பாடம் நடந்த அன்று மாசிலாமணிக்குக் காய்ச்சல். ஸ்டாண்ட்பை டிரைவர் என்றால் மாற்று டிரைவர்தானே என்று, 'மாற்றாள்' என்று எழுதிவிட்டார். நல்ல சொல் அகப்பட்டது என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

போன புதன்கிழமை, பக்கிரிசாமி என்பவன் கச்சா எண்ணெய் டாங்கிக்குள் சகதி அள்ள இறங்கி, விஷவாயுவில் மயங்கி விழுந்தான். வெளியே நின்றவன் அசோகன். வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள். வகுப்புக்கு இன்னும் போகவில்லை, கையேடு மட்டும் படித்திருந்தான். மாற்றாள் ஆயிற்றே, உள்ளே பாய்ந்துவிட்டான். பக்கிரிசாமியின் இடுப்பில் கயிறு இருந்தது. மற்றவர்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். அசோகன் இடுப்பில் கயிறு இல்லை.

ஐந்தாம் நாள் மாசிலாமணி ஜெசிந்தாவிடம் வந்தார்.

"அந்தப் பையனை நான்தான் கொன்னேன், டீச்சர்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"கையேடு திரும்ப அச்சுக்குப் போகுது. சொல்லை மாத்திட்டேன். 'உள்ளே போகாதவர்'. இது சரியா இருக்குமா?"

"வாங்க சார்."

வளாகத்தின் கோடியில் ஒரு புது டாங்கி நின்றது. அது இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் பார்க்கவில்லை. ஜெசிந்தா ஒரு விசிலை அவர் கழுத்தில் மாட்டினாள்.

"நீங்கதான் ஸ்டாண்ட்பை. நான் உள்ள போறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்க?"

"விசில் ஊதுவேன். உள்ள வர மாட்டேன்."

டாங்கியின் பக்கத்தில் ஆள் நுழைய விட்டிருந்த மேன்ஹோல் துளை வழியாக அவள் நுழைந்தாள். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். டார்ச் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது, அவள் ஒரு பக்கம் குப்புறக் கிடந்தாள். ஒரு கை துடித்தது. பிறகு அதுவும் நின்றது.

"டீச்சர்! டீச்சரம்மா!"

விசில் கழுத்திலேயே தொங்கியது. அறுபத்திரண்டு வயது மனுஷர், தலையையும் தோளையும் மேன்ஹோலுக்குள் திணித்துவிட்டார்.

"செத்துட்டீங்க சார்" என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது அடங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் வெளியே வந்து தூசி தட்டினாள்.

"எழுதினவனே நான். எனக்கே கால் நிக்கலியே. வேற என்னதான் சொல்லு போடறது?"

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் ஸ்டாண்ட்பையா நின்னேன், சார். உள்ள விழுந்தது என் தம்பி."

"அய்யோ!"

"விசில் ஊதுனேன். ஆளுங்க மாஸ்க் மாட்டிக்கிட்டு வர ஆறு நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஒரு அடி நகரல."

"தம்பி?"

"எங்கம்மா இன்னிவரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல."

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து கையேட்டின் அச்சுத்தாளை எடுத்து, புதுச் சொல்லை அடிக்கப் போனார்.

"'உள்ளே போகாதவர்' சரியான சொல்லுதான், சார். அதையே போடுங்க. எங்கம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதுக்கும் ஒரு சொல்லு இருந்துதுன்னா, அதையும் பக்கத்துல போட்டுடுங்க."