குளிரில் வண்டி ஏன் அதிகம் குடிக்கிறது

கோத்தகிரிக்கு மேலே ஒரு ஆசிரமம். ஆட்கள் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. சொத்து என்று சொல்ல ஒரு பழைய பிக்கப் வண்டி மட்டும் உண்டு.

அந்த வண்டி தினமும் காலையில் கஞ்சி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும். நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்கள் வாசலில் பாத்திரத்தோடு காத்திருப்பார்கள். வண்டிக்கான டீசலை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காரர் மாதம் ஒரு பீப்பாய் கொடுத்துவந்தார். அதற்கு மேல் கேட்பதில்லை என்பது ஆசிரமத்தின் வழக்கம்.

வண்டி ஓட்டியவர் செங்கோடன். நாமக்கல்லில் லாரித் தொழில் நடத்தி ஓய்ந்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் இங்கே வந்து சேர்ந்தார். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வடிவாம்பிகை அவரைவிட ரொம்பவும் இளையவர், முன்பு நர்ஸாக இருந்தவர். செங்கோடன் அவரை அம்மா என்று கூப்பிடுவார். அவர் செங்கோடனை ஐயா என்பார்.

போன மார்கழியில் பீப்பாய் மாதம் முடியுமுன்பே காலியாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போனார்கள் என்று ஆயா ஒருத்தி போனில் சொன்னாள். அன்று செங்கோடனும் சாப்பிடவில்லை.

இந்த வருடம் அவர் முன்கூட்டியே வேலையில் இறங்கினார். பில்டரை மாற்றினார். மெக்கானிக்கைக் கூட்டிவந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். ஆனாலும் பனி இறங்கியதும் வண்டி பழையபடி டீசலைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

அவர் வடிவாம்பிகையிடம் போனார்.

"அம்மா, வெயில் காலத்துல ஒழுங்கா இருக்கிற வண்டி, குளிர் வந்தா ஏன் இப்படிக் குடிக்குது?"

"காலையில என்ன செய்வீங்க?"

"வண்டியை எடுப்பேன், போவேன்."

"நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

மறுநாள் விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்தது. செங்கோடன் எஞ்சினை ஓடவிட்டார். பிறகு இறங்கி, பக்கத்துப் பாறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்மூடி உட்கார்ந்தார். கஞ்சி அண்டாக்கள் ஏற்கெனவே வண்டியில் இருந்தன. வடிவாம்பிகை ஓரமாக நின்று பார்த்தார். பனியில் வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவர் கேட்டார்.

"ஐயா, எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"வண்டி சூடாகட்டும்னு அம்மா. அதுவரைக்கும் நானும் மனசைக் கொஞ்சம் தயார் பண்ணிக்குவேன்."

"சூடாயிருச்சா?"

செங்கோடன் எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். சூடு காட்டும் முள் கொஞ்சம்தான் அசைந்திருந்தது.

"இன்னும் இல்லை."

"இதுவரைக்கும் எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?"

"போகவே இல்லையே அம்மா."

"குடிச்சிருக்கு இல்லையா?"

செங்கோடன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

வடிவாம்பிகை வண்டியைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் அழுத்தினார். அது அமுங்கியது.

"போன மாசம்தான் காத்து அடிச்சேன்" என்றார் செங்கோடன்.

"போன மாசம் வெயில் அடிச்சுது. குளிர்ல காத்து சுருங்கிடும்."

கால் பம்பை எடுத்துவந்து நான்கு டயருக்கும் காற்று ஏற்றினார்கள். பின்பக்கம் அண்டாக்களுக்கு நடுவே இரண்டு மணல் மூட்டையும், இரும்புச் சங்கிலியும், உடைந்த கதவு ஒன்றும் கிடந்தன.

"இதெல்லாம் எதுக்கு?"

"எப்பவாவது உதவும்னு வச்சிருக்கேன்."

"உதவியிருக்கா?"

செங்கோடன் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தார். வடிவாம்பிகை முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"இப்ப எடுங்க. எடுத்ததும் கிளம்புங்க. முதல்ல கொஞ்ச தூரம் மெதுவாப் போகட்டும், விரட்ட வேண்டாம்."

ஆசிரமத்து வாசலிலிருந்து பாதை முதலில் மேட்டில் ஏறும். எஞ்சின் கொஞ்சம் முனகியது. பிறகு முனகல் அடங்கி, சத்தம் சீரானது. மேட்டின் உச்சியைத் தொடுவதற்குள் முள் பாதி தூரம் ஏறிவிட்டது.

"அட" என்றார் செங்கோடன். லாரித் தொழிலிலேயே காலத்தை ஓட்டியவர். ஆனால் அவர் லாரிகள் ஓடியது வெயிலில்.

அந்த மார்கழியில் பீப்பாய் மாதக் கடைசி வரை வந்தது. கஞ்சி ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் சொல்ல வந்தது அதைப் பற்றி மட்டும் இல்லை. அம்மா கூட வந்த அன்றைக்கே, கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நடந்தது ஒன்று உண்டு.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் ஆசிரமம்.

"இடது பக்கம் திருப்புங்க" என்றார் வடிவாம்பிகை.

செங்கோடன் திருப்பவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். அந்தப் பக்கம் அவருடைய தம்பி அர்த்தனாரியின் வீடு இருந்தது. தொழிலைப் பிரித்துக்கொண்டபோது அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. தம்பி மலைக்கு வந்து கேரட் பயிர் செய்து பிழைத்தான். இந்த ஐப்பசி மழையில் மாரடைப்பு வந்து இறந்துபோனான். செங்கோடனுக்குத் தகவல் வந்தது. அவர் போகவில்லை. துக்கம் கேட்கவும் இதுவரை போகவில்லை. இதெல்லாம் வடிவாம்பிகைக்குத் தெரியும்.

"போகணும்தான் அம்மா. ஆனா மனசு இன்னும் தயாராகலை."

"ம்."

"தம்பி பொண்டாட்டி முகத்தைப் பார்த்து என்ன பேசறதுன்னு தெரியலை. தினமும் காலையில உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒரு வார்த்தையும் சரியா வரமாட்டேங்குது. அது வரட்டும், போயிடறேன்."

வடிவாம்பிகை கண்ணாடி வழியே முன்னால் கிடந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை எத்தனையோ இருக்கு. இந்த மலைக்கு ஏன் வந்தீங்க ஐயா?"

செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து, ஹார்ன் அடித்து, விலகிப் போனது.

அப்புறம் அவர் கியரைப் போட்டு இடது பக்கம் திருப்பினார்.

தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் ஒரு பெண் கேரட்டை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரியின் மனைவி பாவாயி. வண்டியைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வடிவாம்பிகை வண்டியிலேயே இருந்துகொண்டார்.

செங்கோடன் இறங்கி நின்றார். வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"வாங்க மாமா" என்றாள் பாவாயி. "குளிர்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

உள்ளே தம்பியின் படம் மாட்டியிருந்தது. செங்கோடன் அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். பாவாயி சூடாகக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க வண்டிச் சத்தம் தினமும் காலையில இங்க கேட்கும் மாமா. 'அண்ணன் போறாரு'ன்னு அவரு சொல்லுவாரு."

செங்கோடன் தலையை நிமிர்த்தினார்.

"நான் இங்க இருக்கிறது அவனுக்குத் தெரியுமா?"

"வந்த வாரமே தெரியும். 'ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்'னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். 'போய் என்ன பேசறது? நல்ல நேரம் வரட்டும்'பாரு."

காப்பி ஆறிப்போகும் வரை செங்கோடன் அழுதார். பாவாயியும் அழுதாள். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அவர் வண்டிக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார், சாவியைத் தொடவில்லை.

"அவனும் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கான் அம்மா. என்னை மாதிரியே."

வடிவாம்பிகை அந்தத் தகரக் கூரையைப் பார்த்தார்.

"இனிமே நான் வந்து என்ன ஆகப் போகுது? பார்க்க வேண்டியவன் போயிட்டான்."

"பாவாயி ஏதாவது கேட்டாங்களா?"

"கேரட் மூட்டை கட்டிக் கிடக்குதாம். வழக்கமா வர்ற வண்டிக்காரன் வரலையாம். மார்க்கெட்டுல இறக்கிவிட முடியுமான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மனசு சரியில்லைம்மா, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னு சொன்னேன்."

வடிவாம்பிகை கதவைத் திறந்து கீழே இறங்கினார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் நடந்தே போயிடறேன் ஐயா. நீங்க மூட்டையை ஏத்துங்க."