நாலு வாய்க்காலில் நின்ற நண்டு

விலங்குகள் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடக்கும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது மலைக்குகை ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. கோடையில் குகை வெந்துபோகும். அதற்காகக் காரி என்ற எருது வெளியே சக்கரம் சுற்றி ஓடைநீரை ஓட்டிக்கொண்டிருந்தது. அது லேசுப்பட்ட நீர் இல்லை. குகைக்குள் நுழைந்து சூட்டைக் குடிக்கும். காரியின் சக்கரம் பிழியப் பிழியக் கொதிக்கும். பிறகு வெளியே இருந்த பாறையில் சூட்டையெல்லாம் இறக்கிவிட்டு, குளிர்ந்துபோய் மறுபடி குகைக்கு வரும்.

மார்கழியில் முள்ளம்பன்றிக்குக் குட்டி பிறந்தது. நீரோ வழக்கம்போல வந்து, குகையில் இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் குடித்துவிட்டுப் போனது. குட்டி விறைத்தது. அணைத்துக்கொள்ளலாம் என்றால் தாயின் உடம்பெல்லாம் முள். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

"காரியண்ணே, மறுபக்கமா சுத்துங்களேன். வெளியில இருக்கிற சூடு உள்ள வரட்டும்."

"பனியில ஏதும்மா சூடு?"

"பனியிலயும் துளி இருக்கும்ண்ணே. என் பிள்ளைக்கு அது போதும்."

"நான் சுத்திடுவேன் தாயி. சக்கரம் தாங்காதே!"

குட்டியைப் பார்க்கக் கூடியிருந்த முயல்களும் நரிகளும் கேட்கவில்லை. காரியைப் பிடித்துத் திருப்பின. சக்கரம் கிரீச்சிட்டு விரிசல் விட்டது.

ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்டுக்குப் பொறுக்கவில்லை. "மாட்டை ஏன் பாடாப்படுத்துறீங்க? தண்ணி போற வழியைத் திருப்புங்க!"

அவை காரியை விட்டுவிட்டன. சக்கரத்திலிருந்து வருவது, சக்கரத்துக்குப் போவது, குகைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என்று நாலு வாய்க்காலும் ஓரிடத்தில் கூடின. நண்டு அங்கே இறங்கி, நீரின் வேகத்துக்கு உடம்பைக் கொடுத்துப் பக்கவாட்டில் நகர்ந்தது. 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாறைக்குப் போய்க்கொண்டிருந்த வெந்நீர் குகைக்குத் திரும்பியது. அங்கே சூட்டை இறக்கிவிட்டுக் குளிர்ந்த நீர், பாறைக்குப் போய்ப் பனியில் இருந்த துளிச் சூட்டைக் குடித்து வந்தது. காரி பழைய பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

குட்டி முனகிக் காலை நீட்டியது.

"மேல வந்துடுங்க" என்று தாய் கூப்பிட்டது.

"நான் வந்துட்டா தண்ணி பழைய வழிக்கே போயிடும்."

குளிர்காலம் முழுக்க நண்டு அங்கேயே நின்றது. பாறையில் பனி உறைந்து நீருக்குச் சூடு கிடைக்காமல் போனால் மட்டும் சற்று நேரம் மறுபக்கம் நகர்ந்து, வெந்நீரை அங்கே விட்டு அதை உருக்கிவிட்டு வரும். வெயில் வந்ததும் கரையேறி நேராக நடக்கப் பார்த்தது. கால்கள் பக்கவாட்டில்தான் போயின. தாய் அழுதேவிட்டது.

"அழாத. உன் குட்டி நேரா நடக்குதில்ல?" என்றது நண்டு.

அன்று விட்ட நேர்நடை நண்டுக்குத் திரும்பவே இல்லை. மலையூர் வீடுகளில் வெயிலுக்குக் குளிரும் பனிக்குச் சூடும் தருகிற ஏசிப் பெட்டி, பக்கம் மாறும்போது 'உஸ்ஸ்' என்கிறதே, அதற்குள்ளும் ஓட்டத்தை வழி திருப்பும் ஒரு சின்ன வால்வு அன்று முதல்தான் இப்படி ஒருபக்கமாக நகர்ந்து கொடுக்கிறது.